கூரையில் போன ரகசியம்

1930களில் பிரிட்டிஷ்காரர்களுக்கு இருந்த பயமெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துத்தான். எத்தனை காவல் போட்டாலும் குண்டுவீச்சு விமானம் எப்படியும் உள்ளே வந்தே தீரும் என்று 1932ல் ஸ்டான்லி பால்ட்வின் பார்லிமென்டிலேயே எழுந்து சொல்லிவிட்டார். ஆளுகிறவரே இப்படித் தைரியம் சொன்னால் ஜனங்களுக்குத் தூக்கம் எப்படி வரும்?

அப்போது அவர்கள் கையில் இருந்த ஒரே எச்சரிக்கைக் கருவி காது. கென்ட் கடற்கரையில் டெஞ் என்ற இடத்தில் 200 அடி நீளத்துக்கு வளைத்து ஒரு கான்கிரீட் சுவர் கட்டினார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வரும் என்ஜின் சத்தத்தை அது குவித்துக் கொடுக்கும். ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்த ஒரு நாள், அந்த வழியாகப் போன பால் வண்டியின் லொட லொட சத்தத்தில் ஆகாயமே அமுங்கிப்போனது என்று ஒரு கதை உண்டு. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. பால் வண்டிதான் இல்லை.

காது கைவிட்டதும் மந்திரத்தில் இறங்கினார்கள். எதிரியின் விமானத்தைச் சுட்டுப் பொசுக்கும் மரணக் கதிர் தன்னிடம் இருப்பதாக ஊருக்கு ஒரு ஆசாமி கிளம்பிய காலம் அது. 100 கஜ தூரத்திலிருந்து ஒரு செம்மறியாட்டைக் கதிர் பாய்ச்சிக் கொன்று காட்டினால் 1,000 பவுண்டு பரிசு என்று விமான அமைச்சகம் சொல்லிப் பார்த்தது. பரிசை வாங்க ஒருவரும் வரவில்லை. ஆடுகள் நிம்மதியாக மேய்ந்தன.

1935 ஜனவரியில் ஹென்றி டிசார்ட் தலைமையில் ஒரு விஞ்ஞானக் கமிட்டி கூடியது. அதற்கு முன்னோட்டமாக, மரணக் கதிர் சாத்தியமா என்று ஸ்லவ் ஊரில் ரேடியோ ஆராய்ச்சி நிலையம் நடத்திவந்த ராபர்ட் வாட்சன்-வாட்டிடம் கேட்டார்கள். மனிதர் ஸ்காட்லாந்துக்காரர், குண்டான உடம்பு, ஓயாத பேச்சு. அதுவரை ரேடியோ அலையை வைத்து இடிமின்னலைத் துரத்திக்கொண்டிருந்தவர். அவர் தன் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் ஒரு துண்டுச்சீட்டில் கணக்கு கொடுத்தார்: தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்தில், ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் எட்டு பைண்ட் தண்ணீரை 98 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு ரேடியோ சக்தி வேண்டும்?

வில்கின்ஸ் விவரமானவர். 98 டிகிரியில் ஆகாயத்தில் தொங்கும் எட்டு பைண்ட் தண்ணீர் என்றால் அது விமானியின் ரத்தம்தான் என்று சொல்லாமலே புரிந்துகொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்து, நடக்கிற காரியமில்லை என்று விடை கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார். பக்கத்தில் விமானம் பறந்தால் எங்கள் ரேடியோ இரைச்சல் போடுகிறது என்று தபால் இலாகா என்ஜினியர்கள் புகார் எழுதியிருக்கிறார்கள். விமானத்தைக் கொல்ல முடியாவிட்டாலும், அது வருவதைக் கண்டுபிடிக்கலாமே? குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

பணம் தருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹியூ டௌடிங். ‘ஸ்டஃபி’ என்று பட்டப்பெயர் வாங்கிய உம்மணாமூஞ்சி. கண்ணால் பார்க்காமல் காலணா தரமாட்டேன் என்றார். 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே ஒரு வயலில் வேன் ஒன்றை நிறுத்தி, பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பையே விளக்காக வைத்து, ஹேஃபோர்ட் விமானத்தை மேலே பறக்கவிட்டார்கள். திரையில் பச்சைக்கோடு நீண்டது, சுருங்கியது. எட்டு மைல் வரை விமானம் தெரிந்தது. வாட்சன்-வாட் தலைகால் புரியாமல் காரை லண்டனுக்கு விட்டார். கூட அழைத்துவந்த மருமகப் பிள்ளையை, ரகசியம் தெரியக்கூடாதென்று கொஞ்சம் தள்ளி இறக்கிவிட்டிருந்தாரே, அவனை மறந்தே போனார். நாட்டின் வான்காவலுக்கு முதல் வெற்றி கிடைத்த அன்று, கண்ணில் படாமல் போனவன் அந்தப் பையன் ஒருவன்தான். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடினார்.

அடுத்த நான்கு வருஷத்தில் கடற்கரை நெடுக 360 அடி இரும்புக் கோபுரங்கள் எழுந்தன. செயின் ஹோம் என்று பெயர். பார்க்கச் சகிக்காது, அலைநீளம் ஏகத்துக்கு நீளம், கரைக்கு உள்ளே தாண்டிவிட்ட விமானம் அதற்குத் தெரியாது. மூன்றாந்தரமானதை இப்போதே கொடு, இரண்டாந்தரம் வருவதற்குள் நேரம் போய்விடும், முதல்தரம் வரவே வராது என்பது வாட்சன்-வாட்டின் வேதாந்தம். நம் ஊர் கான்டிராக்டர்கள் அந்த வேதாந்தத்தின் முதல் வரியை மட்டும் படித்தவர்கள்.

ஆனால் கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் அசல் விஷயத்தைக் கோட்டைவிடுகிறார்கள். ஜெர்மானியர்களிடமும் ரேடார் இருந்தது. நேர்த்தியில் பிரிட்டிஷ் சரக்கைத் தூக்கிச் சாப்பிடும். டௌடிங்கிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது, ஒரு மேஜையும் நிறைய டெலிபோனும்.

கோபுரத்தடியில் இருக்கும் பெண் திரையில் ஒரு பள்ளத்தைப் பார்ப்பாள். அது எத்தனை விமானம் என்பதை அது துடிக்கிற துடிப்பிலிருந்து ஊகித்து போனில் சொல்வாள். டௌடிங்கின் தலைமையகமான பென்ட்லி ப்ரயரி மாளிகையின் வடிகட்டும் அறையில் நான்கைந்து நிலையங்களின் பேச்சையும் ஒப்பிட்டு, ஒரே கூட்டத்தை இரண்டு பேர் பார்த்திருந்தால் ஒன்றாக்கி, கதை விடுகிறவர்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த அறைக்குத் தள்ளுவார்கள். அங்கே பெரிய மேஜைமேல் நாட்டின் வரைபடம். சுற்றிலும் நீளக் குச்சியோடு விமானப்படைப் பெண்கள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். செய்தி வந்த நேரத்தில் பெரிய முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிற வில்லையைத்தான் மேஜைமேல் வைக்கவேண்டும். மாடியில் இருந்து பார்க்கிற அதிகாரிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், எது சுடச்சுட வந்தது, எது ஊசிப்போனது என்று. பழைய வில்லைகளை உடனே எடுத்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், 1940ல் பிரிட்டனைக் காப்பாற்றிய புகழில் பாதியைத் தபால் இலாகாவுக்குக் கொடுப்பேன். விமானம் ரேடியோவைக் கெடுக்கிறது என்று புகார் எழுதியது அவர்கள். அத்தனை டெலிபோன் கம்பியை இழுத்ததும் அவர்கள். சிலை மட்டும் விமானிகளுக்கு.

எதிராளிக்கு மோப்பம் பிடிக்காமல் இல்லை. 1939ல் கிராஃப் ஸெப்பெலின் என்ற ராட்சச ஆகாயக்கப்பலில் ரேடியோ கருவிகளை ஏற்றி, இந்தக் கோபுரங்கள் என்னதான் செய்கின்றன என்று பார்க்க ஜெர்மானியர்கள் வந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 804 அடி நீளமுள்ள அந்தப் பூதத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மேகத்துக்குள் வழி தவறிய கப்பல், யார்க்ஷயர் கரைக்கு அப்பால் கடல்மேல் இருக்கிறோம் என்று ஜெர்மனிக்குத் தகவல் சொன்னது. அப்போது அது ஹல் நகரத்துக்கு நேர்மேலே இருந்தது. “அண்ணே, நீங்க இருக்கறது அங்கே இல்லே, இங்கே” என்று திருத்தி ஒரு வரி அனுப்பிவிட இவர்களுக்குக் கை அரித்ததாம். அடக்கிக்கொண்டார்கள். ஜெர்மானியர்கள் வெறும் இரைச்சலைப் பதிவு செய்துகொண்டு, உருப்படியாக ஒன்றுமில்லை என்று ஊர்போய்ச் சேர்ந்தார்கள்.

சிரிப்பதற்கு முன் ஒரு விஷயம். யுத்தம் தொடங்கி மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6 அன்று, இந்த மேஜை குழம்பியது. எதிரி என்று தவறாகக் குறிக்கப்பட்ட தங்கள் ஹரிகேன் விமானங்கள் இரண்டைத் தங்கள் ஸ்பிட்ஃபயர்களே சுட்டுவீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். தன் விமானம் எது, அந்நியன் எது என்று சொல்லும் கருவியை அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக எல்லா விமானத்திலும் பொருத்தினார்கள்.

இனி கூரையில் போன அந்த ரகசியத்துக்கு வருவோம்.

1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் ஒரு செப்புக் கட்டியைத் துளைபோட்டு, அரக்கு வைத்து அடைத்து, மின்சாரம் கொடுத்தார்கள். பத்து சென்டிமீட்டர் நுண்ணலை, யாரும் கனவிலும் பார்க்காத பலத்தோடு வந்தது. மேக்னட்ரான். கோபுரம் தேவையில்லை, விமானத்தின் மூக்குக்குள்ளேயே ரேடாரை வைக்கலாம். கண்டுபிடித்தாயிற்று. ஆயிரக்கணக்கில் செய்யத் தொழிற்சாலைக்கு எங்கே போவது? இருக்கிற தொழிற்சாலையின் தலையில் குண்டு விழப்போகிறது. அமெரிக்காவிடம் தொழிற்சாலை உண்டு. ஆனால் அது யுத்தத்தில் இல்லை.

சும்மா கொடுத்துவிடலாம், பதிலுக்கு அவர்கள் தருவதைத் தரட்டும் என்றார் டிசார்ட். அப்போது அவர் வேலையில்லாத ஆள். சர்ச்சிலின் காதைப் பிடித்திருந்தவர் பேராசிரியர் லிண்டெமன். இருவரும் வாலிபத்தில் பெர்லினில் ஒன்றாகப் படித்த தோழர்கள். அங்கே ஒரு குத்துச்சண்டையில் டிசார்ட் ஜெயிக்க, லிண்டெமனுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்து, இனி உன்னோடு சண்டை போடமாட்டேன் என்று டிசார்ட் ஒதுங்கியதாகக் கதை. முப்பது வருஷம் கழித்து லிண்டெமன் கையுறை இல்லாமல் பதில் குத்துவிட்டார். டிசார்ட் பதவியைவிட்டு விலகினார். இப்படிப்பட்டவரைக் கடல்தாண்டித் தூது அனுப்புவதில் ஒரு சௌகரியம் உண்டு. தன்னைக் கொஞ்ச நாள் ஊரைவிட்டு ஓட்டத்தான் இந்த ஏற்பாடோ என்ற சந்தேகம் டிசார்ட்டுக்கே வந்தது.

அவர் முன்னால் பறந்துபோனார். சாமானைக் கொண்டுவரும் பொறுப்பு எட்வர்ட் போவென் என்ற வேல்ஸ்கார இளைஞர் தலையில். வக்கீல்கள் பத்திரம் வைக்கிற கறுப்புத் தகரப் பெட்டி. உள்ளே மேக்னட்ரான், ஜெட் என்ஜின் விவரங்கள், இன்னும் நாட்டின் ரகசியங்கள் மூட்டையாக. ராத்திரி தங்கிய கம்பர்லண்ட் ஹோட்டலின் இரும்புப் பெட்டகத்தில் அது நுழையவில்லை. போவென் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மேலே படுத்துக்கொண்டார்.

காலையில் டாக்ஸி. இவ்வளவு பெரிய பெட்டியை வண்டிக்குள் ஏற்றமாட்டேன் என்றார் டிரைவர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சார்பில் போவென் வாதாடிப் பார்த்தார். டிரைவர் மசியவில்லை. கடைசியில், ஹிட்லர் தன் பாதிப் படையைக் கொடுத்தாவது வாங்கியிருக்கக்கூடிய அந்தப் பெட்டி, டாக்ஸிக் கூரைமேல் கட்டப்பட்டு லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனது. யூஸ்டன் ஸ்டேஷனில் மீதி மூட்டைகளைச் சேர்க்கும் நேரத்துக்குப் போவென் அதை ஒரு போர்ட்டரிடம் கொடுத்தார். போர்ட்டர் தோளில் தூக்கிப்போட்டு லிவர்பூல் ரயிலை நோக்கி ஓட்டம் பிடித்தார். கூட்டத்தில் அந்தத் தலையைத் தவறவிடாமல் போவென் பின்னால் ஓடினார். ரயில் பெட்டியில் எதிரே ஒரு மெலிந்த ஆசாமி, பேச்சில்லை. ஏற வந்த மற்றவர்களை மட்டும் ஒரு அதட்டலில் விரட்டினார். லிவர்பூலில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் அணிவகுத்து வந்து பெட்டியைக் கொண்டுபோனபோதுதான், அந்த ஆள் காவலுக்கு வந்தவர் என்பது உறுதியானது. காவல் ஏற்பாடெல்லாம் பலம்தான், டாக்ஸி தொடங்கி ரயில் வரைக்கும் மட்டும் மறந்துவிட்டார்கள்.

கப்பலின் பெயர் டச்சஸ் ஆஃப் ரிச்மண்ட். டார்பிடோ பட்டால் பெட்டி மிதந்துவிடக்கூடாதே என்று அதில் துளை போட்டார்கள் என்பார்கள். பொழுதுபோகாத மாலுமிகளுக்கு, கூட வந்த ஜான் காக்ராஃப்ட் பிரசங்கம் செய்தார்: ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் அடங்கிய அணுசக்தியால் ஒரு போர்க்கப்பலையே கடலிலிருந்து தூக்கிவிடலாம். கேட்டவர்கள் அவரவர் கோப்பையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாஷிங்டனில் நடந்தது பெண் பார்க்கும் படலம். இரண்டு சம்பந்திகளும் ‘நீங்க என்ன போடறீங்க?’ என்று கேட்க வெட்கப்பட்டுச் சுற்றி வளைத்தார்கள். செப்டம்பர் 19 ராத்திரி வார்ட்மன் பார்க் ஹோட்டலில், வால் ஸ்ட்ரீட்டில் பணம் பண்ணிவிட்டு வீட்டிலேயே பௌதிகக்கூடம் வைத்திருந்த ஆல்ஃப்ரெட் லூமிஸின் அறையில், போவென் பெட்டியைத் திறந்து உள்ளங்கையளவு செப்புக் கட்டியை எடுத்து வைத்தார். நுண்ணலையில் சக்தி போதாமல் முட்டிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் வாயடைத்துப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்காமலே கல்யாணம் முடிந்தது.

சின்னக் கலவரம் ஒன்று நடந்தது. பெல் ஆய்வகத்தில் அக்டோபர் 6 அன்று சோதித்தார்கள்; பிரமாதமாக வேலை செய்தது. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே எட்டு துளை. கொண்டுவந்த வரைபடத்திலோ ஆறு. எது நிஜம் என்று அட்லாண்டிக்கைத் தாண்டி போன் போட்டுக் கேட்டார்கள். செய்த என்ஜினியர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: பன்னிரண்டு செய்தேன், பத்தில் ஆறு துளை, ஒன்றில் ஏழு, ஒன்றில் எட்டு, உங்களிடம் வந்தது எட்டு. சரி, எட்டையே நகலெடுங்கள் என்று முடிந்தது. அதிலிருந்துதான் எம்ஐடியில் கதிர்வீச்சு ஆய்வகம் பிறந்தது. யுத்தகால ரேடார்கள் வரிசையாக வந்தன. மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது பாக்கெட்டில் சாக்லேட் உருகியதை ரேதியான் கம்பெனியின் பெர்சி ஸ்பென்சர் கவனித்ததால், நம் சமையலறையில் நேற்றைய சாம்பாரும் சூடாகிறது.

அமெரிக்கா கருவியை வாங்கிக்கொண்டது. மேஜையும் டெலிபோனும்? அதுவும் போனது, காகிதத்தில்.

1941 டிசம்பர் 7, ஞாயிறு. ஹவாயில் ஓபானா முனையில் அமெரிக்கர்கள் தாங்களே செய்த ரேடார். காலை நான்கிலிருந்து ஏழு வரை டியூட்டி. லாக்கர்ட், எலியட் என்று இரண்டு சிப்பாய்கள். ஏழு மணி ஆயிற்று. சாப்பாட்டு லாரி வரவில்லை. லாரி நேரத்துக்கு வந்திருந்தால் கருவியை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள், சரித்திரத்தில் இந்தப் பத்தியே இருந்திருக்காது. வரவில்லையே என்று எலியட் பழகிப்பார்க்க உட்கார்ந்தார். 7.02க்கு வடக்கே 130 மைலுக்கும் அப்பால், கருவி கெட்டுவிட்டதோ என்று லாக்கர்ட் சந்தேகப்படும் அளவுக்குப் பெரிய புள்ளி.

ஃபோர்ட் ஷாஃப்டர் தகவல் மையத்துக்கு போன் போட்டார்கள். பிரிட்டிஷ் மாதிரியில் கட்டிய அறை, மேஜை, குச்சி எல்லாம் உண்டு. மேஜையைச் சுற்றி ஆள்தான் இல்லை. ஏழு மணியானதும் காலை டிபனுக்குப் போய்விட்டார்கள். ஸ்விட்ச்போர்டில் ஒரு சிப்பாய், பொறுப்பில் கெர்மிட் டைலர் என்ற லெப்டினன்ட். அந்த அறையில் அவருக்கு இரண்டாவது நாள். என்ன செய்யவேண்டும் என்று யாரும் முழுசாகச் சொல்லித்தரவில்லை. வரும் வழியில் காரில் ஹவாய்ப் பாட்டு கேட்டிருந்தார். ராத்திரி முழுக்க வானொலி பாடினால் கலிபோர்னியாவிலிருந்து நம் பி-17 விமானங்கள் வருகின்றன, வழிகாட்டத்தான் பாட்டு என்று ஒரு நண்பர் சொன்னது ஞாபகம் வந்தது. அதனால் கவலைப்படாதே என்று சொல்லி போனை வைத்தார். பி-17கள் உண்மையாகவே வந்துகொண்டிருந்தன. அதே வானொலிப் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஜப்பானியரும் வந்துகொண்டிருந்தார்கள்.

எத்தனை விமானம் என்று டைலர் கேட்கவில்லை. ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று சிப்பாய்களும் சொல்லவில்லை. அவர்கள் 7.39 வரை புள்ளியைக் குறித்துக்கொண்டே இருந்தார்கள், பிறகு அது மலைக்குப் பின்னால் மறைந்தது. சாப்பாட்டு லாரி வந்தது, ஏறிப்போனார்கள். 7.55க்குக் குண்டு விழுந்தது.

விசாரணைகள் நடந்தன, டைலருக்குத் தண்டனை இல்லை. அது நியாயம்தான் என்பேன். மேஜையைக் கட்டிவிட்டு ஆளைப் போடாதவர்கள் அவருக்கு மேலே இருந்தார்கள். பிறகு வாட்சன்-வாட்டையே அமெரிக்காவுக்கு வரவழைத்து ஆலோசனை கேட்டார்கள். மனிதர் மேற்குக் கரையின் வான்காவலைப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். இதே மனிதர் யுத்தத்துக்குப் பின் கனடாவில் வேகமாகக் கார் ஓட்டி, போலீஸ் ரேடாரில் மாட்டி, அபராதம் கட்டினார். இப்படியெல்லாம் செய்வீர்கள் என்று தெரிந்திருந்தால் கண்டுபிடித்தே இருக்கமாட்டேன் என்றாராம்.

அந்தக் கனடாதான் பிறகு அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்து, 1958 ஒப்பந்தத்தில் நோராட் என்ற வான்காவல் படைக்குக் கையெழுத்துப் போட்டது. தளபதி அமெரிக்கர், துணைத் தளபதி கனடாக்காரர். டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்தில், தூலே என்ற பனிக்காட்டில், ரஷ்ய ஏவுகணையைத் தூரத்திலேயே பார்க்கும் பிரம்மாண்ட ரேடார். நிலம் ஒருவருடையது, கருவி இன்னொருவருடையது, முடிவு சொல்ல மூன்றாவது ஆள். கொலராடோவில் இருந்த தலைமையகத்தில் இப்போது மேஜைக்குப் பதில் கம்ப்யூட்டர்.

1960 அக்டோபர் 5 அன்று அந்தக் கம்ப்யூட்டர், ரஷ்யா பக்கமிருந்து ஏவுகணைகள் கூட்டமாக வருகின்றன, 99.9 சதவீதம் நிச்சயம் என்று சொன்னது. தளபதி அன்று ஊரில் இல்லை. துணைத் தளபதி ஏர் மார்ஷல் ராய் ஸ்லெமன், கனடாக்காரர், போனில் உளவுப் பிரிவிடம் ஒரே கேள்வி கேட்டார்: குருஷ்சேவ் இப்போது எங்கே இருக்கிறார்?

நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்திருக்கிறார் என்றார்கள்.

தங்கள் தலைவர் உட்கார்ந்திருக்கிற ஊர்மேல் ரஷ்யர்களே குண்டு போடமாட்டார்கள் என்று ஸ்லெமன் அமைதியாகிவிட்டார். பிறகு பார்த்தார்கள். நார்வேக்கு மேலே நிலா உதித்துக்கொண்டிருந்தது. ரேடார் அலை அவ்வளவு தூரம் போய் எதிரொலித்துத் திரும்பும் என்று செய்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அதன்பிறகு என்ஜினியர்கள் கம்ப்யூட்டருக்கு நிலாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்கள்.